ஏழு பூச்சு, ஒரு ஓட்டத்தில் மூன்று இடம்: டர்பின் சோதனைக்குத் விரிதாள் கட்டிய பதிவு

வேலை இதுதான். ஒப்பிட வேண்டிய பூச்சுகள் ஏழு. தேய்மானக் கருவியில் ஒரே நேரத்தில் மூன்று தகடுகளைத்தான் பொருத்த முடியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய உரசுதாள் போடுவதால் ஓட்டத்துக்கு ஓட்டம் கடுமை மாறும். ஒரே ஓட்டத்தில் சேர்ந்து ஓடிய தகடுகளை மட்டுமே நேருக்கு நேர் ஒப்பிடலாம். அளவீடு, தகட்டில் மிஞ்சிய பூச்சைக் கண்ணால் பார்த்து 0 முதல் 100 வரை இடும் மதிப்பெண். 80-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளியும் 40-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளியும் ஒன்று என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் மதிப்பெண்களை விட்டுவிட்டு, ஓட்டத்துக்குள் எது முந்தியது, எது பிந்தியது என்ற தரவரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளும் பண்பளவை சாராச் சோதனை தேவைப்பட்டது.

வடிவமைப்பு

ஏழு பூச்சு, தொகுதிக்கு (இங்கே ஒரு ஓட்டம்தான் ஒரு தொகுதி) மூன்று என்றால் சமநிலை முழுமையற்ற தொகுதி வடிவமைப்பு, அதாவது எல்லா ஜோடியும் சம தடவை ஒரே ஓட்டத்தில் சந்திக்கும் அமைப்பு, ஏழே ஓட்டங்களில் முடியும். எந்த அளவு பொருந்தும் என்று பார்க்க இரண்டு சமன்பாடுகள் போதும். முதலாவது: ஓட்டங்கள் × தொகுதி அளவு = பூச்சுகள் × ஒவ்வொரு பூச்சும் வரும் தடவை (7 × 3 = 7 × 3). இரண்டாவது: ஒரு ஜோடி சேர்ந்து வரும் தடவை × (பூச்சுகள் − 1) = ஒரு பூச்சு வரும் தடவை × (தொகுதி அளவு − 1), அதாவது 1 × 6 = 3 × 2. விடை முழு எண்ணாக வராவிட்டால் அந்த அளவில் சமநிலை கிடையாது. ஆறு பூச்சு என்றால் ஓட்டங்கள் குறையும் என்று தோன்றும். ஆனால் மூன்று இடம் வைத்துக்கொண்டு ஆறுக்குப் பத்து ஓட்டம் வேண்டும். ஒன்பதுக்குப் பன்னிரண்டு. ஏழு இங்கே மலிவான எண்.

ஓட்டங்களைச் சுழற்சியில் எழுதினால் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. கருவியின் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்ற வரிசையில்:

ஓட்டம் 1: அ 61, ஆ 70, ஈ 58
ஓட்டம் 2: ஆ 48, இ 31, உ 40
ஓட்டம் 3: இ 52, ஈ 77, ஊ 66
ஓட்டம் 4: ஈ 64, உ 59, எ 82
ஓட்டம் 5: உ 41, ஊ 28, அ 35
ஓட்டம் 6: ஊ 55, எ 79, ஆ 73
ஓட்டம் 7: எ 68, அ 44, இ 39

செங்குத்தாகப் படித்தால் ஒவ்வொரு பூச்சும் ஒவ்வொரு இடத்திலும் சரியாக ஒரு தடவை வரும். கருவியின் ஒரு கை சற்று அதிகமாக அழுத்தினாலும் அந்தச் சுமை ஏழுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். எந்தப் பூச்சுக்கு எந்த எழுத்து, எந்த ஓட்டம் முதலில் என்பதைக் குலுக்கிப் போட வேண்டும். ஓட்டத்துக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்கக் கூடாது, கலைத்தால் இந்த இடச் சமநிலை போய்விடும்.

மேலே உள்ள மதிப்பெண்கள் விரிதாளைச் சோதிக்க இட்டவை. கையாலேயே சரிபார்க்கும்படி எளிமையாக வைத்தவை.

சரிவராத வழிகள்

முதல் யோசனை, இதேபோல் தொகுதிக்குள் தரவரிசை இடும் ஃப்ரீட்மன் சோதனை. 1937இல் வந்த அது, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லாச் சிகிச்சையும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் ஏழுக்கு ஏழு அணியாக, வெற்று இடங்களோடு கொடுத்தால், முழுமையற்ற வரிகளை அந்தக் கட்டளை நீக்கிவிடும். இங்கே எல்லா வரியும் முழுமையற்றது, ஆகவே ஒன்றும் மிஞ்சாது. வெற்று அறைகளில் பூச்சியம் இட்டு ஓடவைப்பது அதைவிட மோசம். வராத பூச்சு கடைசி இடம் பிடித்ததாகக் கணக்காகிவிடும்.

21 மதிப்பெண்களையும் ஒன்றாகக் கொட்டித் தரவரிசை இடுவதும் தவறு. ஓட்டம் 2-இல் ஆ வாங்கிய 48தான் அந்த ஓட்டத்தின் உச்சம். ஓட்டம் 3-இன் கடைசித் தகடே 52 வாங்கியிருக்கிறது. ஒன்றாகக் கொட்டினால் ஓட்டத்தின் கடுமை பூச்சின் தலையில் ஏறும். சராசரி எடுத்தாலும் அதே கதைதான்: ஈ-யின் சராசரி 66.3, ஆ-வின் சராசரி 63.7. ஆனால் இரண்டும் நேரில் சந்தித்த ஓட்டம் 1-இல் ஆ 70, ஈ 58. கடுமையான இரண்டாம் ஓட்டம் ஆ-வுக்கு வாய்த்தது, மிதமான மூன்றாம் ஓட்டம் ஈ-க்கு வாய்த்தது. சராசரியில் தெரியும் வேறுபாடு அவ்வளவுதான்.

டர்பின் 1951இல் தந்த சோதனை இந்த வடிவமைப்புக்கே உரியது.

தாளில் கணக்கு

தரவரிசை ஓட்டத்துக்குள் மட்டும்: குறைந்ததற்கு 1, கூடியதற்கு 3. விரிதாளின் ரேங்க்.ஏவிஜி சார்பு மூன்றாம் உறுப்பைக் கொடுக்காவிட்டால் இறங்குவரிசையில் எண்ணும், அதனால் அங்கே 1 என்று இட வேண்டும். எல்லா ஓட்டத்திலும் ஒரே திசை என்றால் விடை மாறாது. ஒரு வரியில் மட்டும் விட்டுப்போனால் விடை சத்தமில்லாமல் கெட்டுவிடும். வெற்று அறைக்கு அந்தச் சார்பு பிழை காட்டும் என்பதால், அறை வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடும்படி ஒரு நிபந்தனையைச் சுற்றிலும் போட்டுவிடவும்.

தரக் கூட்டுத்தொகைகள்: அ 6, ஆ 8, இ 3, ஈ 6, உ 6, ஊ 4, எ 9. மொத்தம் 42 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் அங்கேயே நிறுத்திப் பிழையைத் தேடவும்.

பாடநூல்களில் 12 என்ற மாறிலியோடு வரும் சூத்திரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஒரே ஓட்டத்தில் இரண்டு தகடுகள் சமமாக வந்தால் அது பொருந்தாது. இரண்டுக்கும் பொருந்தும் வடிவம் இது:

எல்லாத் தரங்களின் வர்க்கக் கூட்டல்: ஒரு ஓட்டத்துக்கு 1 + 4 + 9 = 14, ஏழுக்கு 98.
திருத்த உறுப்பு: ஓட்டங்கள் × தொகுதி அளவு × (தொகுதி அளவு + 1)இன் வர்க்கம் ÷ 4 = 7 × 3 × 16 ÷ 4 = 84.
இரண்டின் வேறுபாடு: 14.
தரக் கூட்டுத்தொகைகளின் வர்க்கக் கூட்டல்: 278. இதிலிருந்து 3 × 84 = 252 கழித்தால் 26.
டர்பின் மதிப்பு: (7 − 1) × 26 ÷ 14 = 11.14.

ஒரு ஓட்டத்தில் அடியிலிருக்கும் இரண்டும் சமம் என்றால் தரங்கள் 1.5, 1.5, 3 ஆகும். அந்த ஓட்டத்தின் வர்க்கக் கூட்டல் 14 அல்ல, 13.5. வகுக்கும் எண் தானாகவே சுருங்கி, திருத்தம் தனியாக எதுவும் தேவைப்படாமல் முடிந்துவிடும்.

அட்டவணையில் மாட்டிய இடம்

வழக்கம்போல 11.14-ஐ கை-வர்க்கப் பரவலின் அட்டவணையில் 6 கட்டின்மைக் கூறுகளோடு (பூச்சுகள் − 1) ஒப்பிட்டால், 5 சதவீத எல்லை, அதாவது வேறுபாடே இல்லாதபோது 5 சதவீத வாய்ப்பில் மட்டும் தாண்டும் மதிப்பு, 12.59. எட்டவில்லை. சரி, இந்த ஏழு ஓட்டங்களில் எட்டக்கூடிய உச்சம்தான் எவ்வளவு? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இந்த வடிவமைப்பில் ஒவ்வொரு ஜோடியும் சரியாக ஒரு தடவைதான் சந்திக்கிறது. ஆகவே ஒரு பூச்சின் தரக் கூட்டுத்தொகை, 3-ஓடு அது வென்ற பூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. எல்லா ஓட்டங்களும் ஒரே வரிசையை முரணில்லாமல் சொன்னால் வெற்றிகள் 0, 1, 2, 3, 4, 5, 6. சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூட்டல் 28. டர்பின் மதிப்பு 6 × 28 ÷ 14 = 12. சமன்கள் இல்லாதவரை அதற்கு மேல் போக வழியே இல்லை.

ஆக, ஏழு பூச்சுகளும் துளி முரணும் இல்லாமல் வரிசையில் நின்றாலும் கை-வர்க்க அட்டவணை 5 சதவீதத்தில் 'வேறுபாடு இல்லை' என்றே சொல்லும். இந்த வடிவமைப்புக்கு அந்த அட்டவணையை வைத்துச் சோதனை செய்வதில் பொருளே இல்லை. ஓட்டங்களைத் தொடங்கும் முன் உச்ச மதிப்பை எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். பார்க்காமல் விட்டால் ஏழு ஓட்டத்து உரசுதாளும் வீண்.

எண்ணிப் பார்த்த துல்லிய மதிப்பு

பூச்சுகளுக்குள் வேறுபாடே இல்லை என்றால், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆறு வரிசை மாற்றங்களும் சமவாய்ப்பு உள்ளவை. ஏழு ஓட்டத்துக்கு 6-ஐ ஏழு தடவை பெருக்கினால் 2,79,936. ஒரு கணினி எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கச் சில நொடிகள்தான். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்றுக் கட்டளை, உள்ளே தரக் கூட்டல், விலகல் வர்க்கக் கூட்டல், அந்த மதிப்புக்கான எண்ணிக்கையில் ஒன்று கூட்டல். இருபது வரி நிரல்.

நிரல் சரியா என்று பார்க்கக் கையால் கிடைக்கும் எண்கள் இருக்கின்றன. விலகல் கூட்டல் 28 வருவது முரணற்ற வரிசைகளில் மட்டும், அவை 7 தொடர்பெருக்கம் = 5,040. அடுத்தது 26. மூன்று பூச்சுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வெல்லும் ஒரே ஒரு வட்ட முரண் இருக்கும்போது அது வரும். அந்த மூன்றும் ஒரே ஓட்டத்தில் இருந்தவையாக இருக்க முடியாது, ஏனெனில் ஓட்டத்துக்குள் தரவரிசை நேர்க்கோடு. மொத்தம் 35 மூவர் கூட்டில் ஏழைக் கழித்தால் 28. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றுத்திசை. அந்த மூவரும் மற்ற நால்வரும் நிற்கும் வரிசை 120. ஆக 28 × 2 × 120 = 6,720. விலகல் 24-க்கு 13,104 வர வேண்டும். எல்லா 2,79,936 நிலைகளின் டர்பின் மதிப்புகளுக்கும் சராசரி எடுத்தால் சரியாக 6. இந்த நான்கும் ஒத்துவந்தால் நிரலை நம்பலாம். ஒன்று தவறினாலும், பெரும்பாலும் வடிவமைப்பு அட்டவணையில் ஒரு எழுத்து மாறித் தட்டச்சாகியிருக்கும்.

டர்பின் மதிப்பை எஃப் பரவல் என்ற வேறொரு பரவலுக்கு மாற்றும் வழியும் உண்டு. (மதிப்பு ÷ 6) என்பதை (14 − மதிப்பு) ÷ 8 என்பதால் வகுத்து, 6, 8 கட்டின்மைக் கூறுகளோடு பார்ப்பது. அந்த 14 என்பது ஓட்டங்கள் × (தொகுதி அளவு − 1). 8 என்பது 21 − 7 − 7 + 1. மூன்று வழிகளின் பி-மதிப்புகளையும் (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதற்கு மேல் வரும் வாய்ப்பு) பக்கத்தில் வைத்தால்:

மதிப்பு 12.00: கை-வர்க்கம் 0.062, எஃப் 0.005, துல்லியம் 0.018
மதிப்பு 11.14: கை-வர்க்கம் 0.084, எஃப் 0.018, துல்லியம் 0.042
மதிப்பு 10.29: கை-வர்க்கம் 0.113, எஃப் 0.046, துல்லியம் 0.089

ஒரு தோராயம் மிகத் தயங்குகிறது, மற்றது மிக அவசரப்படுகிறது. 10.29-இல் எஃப் 'வேறுபாடு உண்டு' என்கிறது, உண்மையில் அது 9 சதவீதம். கை-வர்க்கத்தைவிட எஃப் மேல் என்ற பொதுவான அறிவுரையை இவ்வளவு சிறிய வடிவமைப்பில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மலிவான கணினி நேரம் இருக்கும்போது இரண்டுமே வேண்டாம், எண்ணிவிடலாம். நம் 11.14-க்குத் துல்லிய மதிப்பு 11,760 ÷ 2,79,936 = 0.042. 5 சதவீத மட்டத்தில், வேறுபாடே இல்லை என்ற இன்மை கருதுகோளை மறுக்கலாம்.

சமன்கள் இருந்தால் எண்ணும்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் உண்மையில் வந்த தரங்களையே (1.5, 1.5, 3) மாற்றிப் போட வேண்டும். 1, 2, 3-ஐப் போட்டால் வேறொரு பரவல் வந்துவிடும்.

எந்த ஜோடி?

மொத்தச் சோதனை கடந்ததும் ஜோடி ஒப்பீடு. தரக் கூட்டுத்தொகை வேறுபாட்டின் திட்டப்பிழை: 14 × 2 × 3 ÷ 8 = 10.5. அதை (1 − 11.14 ÷ 14) = 0.204 ஆல் பெருக்கினால் 2.143. வர்க்கமூலம் 1.464. 8 கட்டின்மைக் கூறுகளுக்கு டி பரவலின் 5 சதவீத எல்லை 2.306. பெருக்கினால் 3.38. வேறுபாடுகள் முழு எண் என்பதால் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். எ-யும் ஆ-வும் இ, ஊ இரண்டையும் மிஞ்சுகின்றன. எ-க்கும் நடுவில் நிற்கும் அ, ஈ, உ-வுக்கும் வேறுபாடு 3, அது போதாது.

இங்கே நிறுத்திக்கொண்டால் நான்கு ஜோடிகளை அறிக்கையில் எழுதலாம் போலத் தெரியும். ஆனால் பார்த்த ஜோடிகள் 21. மிகப் பெரிய வேறுபாடான எ–இ (6) கூட டி மதிப்பு 4.10, பி-மதிப்பு 0.0034. 21 ஆல் பெருக்கினால் 0.072. பல ஜோடிகளைப் பார்ப்பதற்கான திருத்தமான ஹோல்ம் முறையின் முதல் படியிலேயே நின்றுவிடும். ஏழு ஓட்டம் 'ஏதோ வேறுபாடு உண்டு' என்று சொல்லப் போதும், 'இது அதைவிட மேல்' என்று பெயர் சொல்லப் போதாது. ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள ஒரு பூச்சோடு மற்ற ஆறையும் ஒப்பிடுவது மட்டும் நோக்கம் என்றால், அந்த ஆறு ஜோடிகளை ஓட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டால் பெருக்கும் எண் 21-இலிருந்து 6-ஆகக் குறையும்.

ஒரு தகடு கழன்றால்

ஓட்டம் 5-இல் உ தகடு நடுவில் கழன்று விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். சமநிலை போய்விட்டது, டர்பின் செல்லாது. 1981இல் வந்த ஸ்கில்லிங்ஸ்–மாக் சோதனை இதற்கானது. தாளில் மூன்று மாற்றம்.

முதலில், ஒவ்வொரு தரத்திலும் அந்த ஓட்டத்தின் சராசரித் தரத்தைக் கழித்து, 12 ÷ (ஓட்ட அளவு + 1) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். மூன்று தகடு ஓட்டத்துக்குப் பெருக்கி 1.732, இரண்டு தகடு ஓட்டத்துக்கு 2. ஓட்டம் 5-இல் இப்போது ஊ 1, அ 2. அவை −1, +1 ஆகும். ஒரே தகடு மிஞ்சிய ஓட்டத்தை எடுத்துவிட வேண்டும்.

பூச்சு வாரியாகக் கூட்டினால்: அ 1, ஆ 3.464, இ −5.196, ஈ 0, உ −1.732, ஊ −2.732, எ 5.196. கூட்டல் பூச்சியம் வர வேண்டும்.

பிறகு உடன்மாறுபாட்டு அணி. மூலைவிட்டத்தில், அந்தப் பூச்சு இருக்கும் ஓட்டங்களின் (அளவு − 1) கூட்டல்: அ 5, ஊ 5, உ 4, மற்றவை 6. மூலைவிட்டத்துக்கு வெளியே, ஜோடி சந்தித்த தடவைகளின் எதிர்மறை. இங்கே எல்லாம் −1, அ–உ-வும் உ–ஊ-வும் மட்டும் 0. இந்த அணிக்கு நேர்மாறு கிடையாது, ஏனெனில் ஒவ்வொரு வரியின் கூட்டலும் பூச்சியம். ஏதாவது ஒரு பூச்சின் வரியையும் நெடுவரிசையையும் நீக்கிவிட்டு மீதியை நேர்மாறாக்கலாம். எதை நீக்கினாலும் விடை ஒன்றே, இரண்டு விதமாக நீக்கிப் பார்ப்பது நல்ல சரிபார்ப்பு. நீக்கிய பிறகும் நேர்மாறு கிடைக்காவிட்டால், பூச்சுகள் ஒன்றையொன்று சந்திக்காத இரு கூட்டமாகப் பிரிந்துவிட்டன என்று பொருள். அப்போது எந்தக் கணக்கும் உதவாது.

விடை 11.29. தகடு ஒன்று போயும் மதிப்பு 11.14-இலிருந்து ஏறியிருக்கிறது, பிழையோ என்று தோன்றும். பிழை இல்லை. முழுத் தரவில் ஒரு வட்ட முரண் இருந்தது: ஓட்டம் 5-இல் உ, அ-வை வென்றது, ஓட்டம் 4-இல் ஈ, உ-வை வென்றது, ஓட்டம் 1-இல் அ, ஈ-யை வென்றது. அந்த மூன்று கண்ணிகளில் ஒன்று கழன்ற தகட்டோடு போனது, அதனால் முரணும் போனது. கை-வர்க்கத்தில் இது 0.080. இதையும் எண்ணியே பார்க்க வேண்டும்: 6-ஐ ஆறு தடவை பெருக்கி 2-ஆல் பெருக்கினால் 93,312 நிலைகள்தான்.

தாளைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி, தகடு கழலாத முழுத் தரவை ஸ்கில்லிங்ஸ்–மாக் பகுதியில் கொடுப்பது. டர்பினின் 11.14 அப்படியே வர வேண்டும்.

அடுத்த முறை

ஏழு ஓட்டத்தோடு நிற்காமல் பதினான்கு. அதே ஏழைத் திரும்ப ஓட்டுவதைவிட, இரண்டாவது ஏழை அஇஈ, ஆஈஉ, இஉஊ, ஈஊஎ, உஎஅ, ஊஅஆ, எஆஇ என்று வைப்பது மேல். முதல் ஏழில் வந்த மூவர் கூட்டு ஒன்றுகூட இதில் இல்லை. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு மூன்றாம் ஆளோடு சந்திக்கும். சுழற்சி என்பதால் இடச் சமநிலையும் இருக்கும். உச்ச மதிப்பு 24 ஆகிறது, கை-வர்க்க எல்லையான 12.59 எட்டும் தூரத்துக்கு வருகிறது. எஃப் வழிக்கு 22 கட்டின்மைக் கூறுகள் கிடைக்கின்றன.

பதினான்கு ஓட்டத்தின் எல்லா நிலைகளையும் எண்ண முடியாது, அவை 7,836 கோடிக்கு மேல். ஒரு லட்சம் நிலைகளைக் குலுக்கி எடுத்தால் போதும். 0.05 பக்கத்தில் திட்டப்பிழை 0.0007. பத்தாயிரம் மட்டும் எடுத்தால் 0.002, எல்லை அருகே அது தடுமாற வைக்கும். பி-மதிப்பைக் கணக்கிடும்போது கிடைத்த தரவையும் ஒரு நிலையாகச் சேர்க்கவும்: (எட்டிய நிலைகள் + 1) ÷ (1,00,000 + 1). குலுக்கலின் தொடக்க எண்ணைத் தாளின் முதல் வரியிலேயே எழுதி வைத்தால், வேறொருவர் ஓட்டினாலும் அதே விடை வரும்.